அட்வான்ஸ் உங்க பணம் இல்ல: ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விடறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)

இன்னைக்குப் பேசப்போறது பெரிய பெரிய பில்டிங் வெச்சிருக்கறவங்களைப் பத்தி இல்ல. அப்பா அம்மா கட்டின வீட்டோட மாடி போர்ஷனை இப்போ நீங்க பார்த்துக்கறீங்க. இல்லன்னா, லோன் போட்டு வாங்கின டபுள் பெட்ரூம் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு, வேலைக்காக வேற ஊர்ல இருக்கீங்க. புரோக்கர் ஆள் கொண்டுவந்து விட்டார், கமிஷன் வாங்கினார், போயிட்டார். மீதி எல்லாம் உங்க தலையில. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்த எபிசோடு. வாடகை வீட்டுல இருக்கறவங்களும் கேளுங்க, உங்களுக்கும் உதவும்.

ஓனருக்கும் குடியிருக்கறவங்களுக்கும் சண்டை எப்போ வெடிக்கும்? வீடு காலி பண்ற அன்னைக்கு. காரணம் சுவத்துல இருக்கற ஆணி ஓட்டைன்னு சொல்லுவாங்க. பல நேரம் உண்மையான காரணம் வேற. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க ஓனர் கையில பணம் இருக்காது.

இது எப்படி நடக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாடகை 18,000. பழைய சென்னை வழக்கப்படி பத்து மாச அட்வான்ஸ், அதாவது 1,80,000. அந்தப் பணம் வந்த மாசமே போர் போடவோ, தங்கச்சி கல்யாணத்துக்கோ, நகைக்கடன் அடைக்கவோ போயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க காலி பண்றோம்னு சொல்றாங்க. அடுத்து வர்றவங்க கொடுக்கற அட்வான்ஸை வாங்கி இவங்களுக்குக் கொடுத்துடலாம்னு நினைப்போம். நடுவுல ரெண்டு மாசம் வீடு காலியா கிடந்தா? அப்போதான் ஓனர் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சுவரா பார்க்க ஆரம்பிப்பார். அவர் கெட்டவர்னு இல்ல. கையில காசு இல்ல, அவ்வளவுதான்.

ஆனா அந்தப் பக்கம் நிக்கறவருக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு இதே பணம்தான் வேணும். அதனால முதல் விதி: அட்வான்ஸ் உங்க வருமானம் இல்ல. அது உங்ககிட்ட இருக்கற அடுத்தவர் பணம்.

தமிழ்நாட்டுல 2017-ல கொண்டுவந்த புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து அமலில் இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு அது சொல்லுது. காலி பண்ண ஒரு மாசத்துக்குள்ள நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பணும். பேசி எழுதிக்கிட்டா கூடுதலா வாங்கலாம்தான். ஆனா மூணு மாசமே போதும்னு நான் சொல்லுவேன். 54,000-ஐ ஒரு தனி ஃபிக்சட் டெபாசிட்ல போட்டுட்டு மறந்துடலாம். 1,80,000-ஐ அப்படி மறக்கறது ரொம்பப் பேருக்கு முடியாது. இன்னொண்ணு, இப்போதான் வேலைக்குச் சேர்ந்த நல்ல பசங்க ரெண்டு லட்சத்துக்கு எங்கே போவாங்க? அட்வான்ஸைக் குறைச்சா உங்க வீட்டைப் பார்க்க வர்றவங்க எண்ணிக்கை கூடும்.

அடுத்தது அக்ரிமென்ட். எல்லாரும் 11 மாசம்னு போடுவாங்க. ஏன்னா, பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதியணும். அதைத் தவிர்க்க வந்த பழக்கம்தான் இந்த 11. ஆனா 2017 சட்டத்துல அந்த விலக்கு இல்ல. எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு எண் வாங்கணும். இதுக்குன்னு அரசு இணையதளம் இருக்கு. ஸ்டாம்ப் பேப்பர்ல ரெண்டு பக்கம் டைப் அடிச்சு பீரோவுல வெச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க.

அதுல என்ன எழுதணும்? வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி பண்ண எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் யார் கட்டறது. முக்கியமா, பெயின்ட் செலவு. போகும்போது ஒரு மாச வாடகையை பெயின்டிங்னு பிடிக்கறது பல இடத்துல வழக்கம். ஆனா சட்டத்தோட அட்டவணையில சுவருக்கு வெள்ளை அடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறது எல்லாம் ஓனர் பொறுப்பு. வேற மாதிரி வேணும்னா முதல் நாளே எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குங்க. போற அன்னைக்கு வாயால சொன்னா அது சண்டைதான்.

அதே அட்டவணையில குழாய் லைன் மாத்தறது, வயரிங் மாத்தறதும் ஓனர் கணக்கு. டேப், வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கீசர் ரிப்பேர் இதெல்லாம் குடியிருக்கறவங்க கணக்கு. இந்த ஒரு பக்கத்தை பிரின்ட் எடுத்து ரெண்டு பேரும் வெச்சுக்கிட்டா, பாதி ஃபோன் கால் குறையும்.

சாவி கொடுக்கற அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஃபோன்ல வீடியோ எடுங்க. ஒவ்வொரு ரூமும், ஒவ்வொரு குழாயும் திறந்து காட்டி, ஃபிளஷ் அழுத்திக் காட்டி, ஏற்கனவே இருக்கற விரிசல், கறை எல்லாம் பக்கத்துல போய் எடுங்க. ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, சாவி எத்தனைன்னு ஒரு லிஸ்ட். ஈபி மீட்டர் ரீடிங் ஒரு போட்டோ. எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அன்னைக்கே அனுப்பிடுங்க. நம்ம ஊர்ல கரன்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும். நடுவுல காலி பண்றவங்க எத்தனை யூனிட் எரிச்சாங்கன்னு தெரிய அந்த போட்டோதான் ஆதாரம்.

குடி வந்த பிறகு அது அவங்க வீடு. உங்ககிட்ட ஒரு சாவி இருக்குங்கறதுக்காக நினைச்ச நேரம் போய்ப் பார்க்க முடியாது. 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். வாடகை லேட் ஆச்சுன்னு தண்ணியை நிறுத்தறது, ஃபியூஸைப் பிடுங்கறது சட்டப்படி தப்பு. வாடகை பாக்கிக்கு வாடகை நீதிமன்றம் இருக்கு, அந்த வழியில போங்க. ரிப்பேர்னு ஃபோன் வந்தா அன்னைக்கே பிளம்பரை அனுப்புங்க. ஒழுகற பைப்பை மழைக்காலம் முழுக்க விட்டா, நாளைக்குக் கீழ்வீட்டு சீலிங்கும் உங்க செலவு. வருஷத்துக்கு ஒரு மாச வாடகையை ரிப்பேருக்குன்னு எடுத்து வெச்சுட்டா அப்போ கை நடுங்காது.

யாருக்குக் கொடுக்கறது? பேச்சிலர் வேண்டாம், அசைவம் வேண்டாம், எங்க ஆளுங்க மட்டும்னு போர்டு மாட்டறவங்க இன்னும் இருக்காங்க. அது நியாயமான்னு ஒரு கேள்வி, லாபமான்னு இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் இல்லங்கறதுதான் என் பதில். ஒவ்வொரு நிபந்தனையும் உங்க வீட்டை இன்னும் கொஞ்ச நாள் காலியா வைக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதான்: வாடகை ஒழுங்கா வருமா, வீட்டை நல்லா வெச்சுப்பாங்களா. வேலை என்னன்னு கேளுங்க, முன்னாடி இருந்த வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. போதும்.

வரி விஷயம் சுருக்கமா. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா, எச்ஆர்ஏ கேக்கறவங்க ஓனரோட பான் நம்பரை ஆபீஸ்ல கொடுக்கணும். மாசம் 9,000 வாடகையே ஒரு லட்சத்தைத் தாண்டிடும். பான் தர மாட்டேன்னு மறைக்காதீங்க. நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30 சதவீதத்தை பில் எதுவும் காட்டாமலே கழிச்சுக்கலாம். மிச்சத்துக்குத்தான் வரி.

கடைசியா, காலி பண்ற நாள். பழைய வீடியோவைத் திறந்து வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வீட்டைச் சுத்துங்க. பெயின்ட் மங்கறது, நாலு ஆணி ஓட்டை, இதெல்லாம் மனுஷங்க வாழ்ந்ததோட அடையாளம். உடைஞ்ச கண்ணாடி வேற. கணக்கை எழுதி அனுப்புங்க: அட்வான்ஸ் 54,000, ஈபி 1,140, கண்ணாடி 600, மீதி 52,260. பில் போட்டோவும் கூடவே. சட்டம் ஒரு மாசம் கொடுக்குது, ஆனா முடிஞ்சா சாவி வாங்கற அன்னைக்கே அனுப்பிடுங்க. அப்படிப் போறவர் தன் ஃபிரெண்டையே உங்க அடுத்த டெனன்டா கூட்டிட்டு வரலாம், புரோக்கர் கமிஷன் மிச்சம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. பேங்க் ஆப்பைத் திறங்க. இப்போ குடியிருக்கறவங்க அடுத்த மாசம் காலி பண்றோம்னு சொன்னா, யார்கிட்டயும் கேக்காம அட்வான்ஸை முழுசா கொடுக்க முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா, இந்த மாச வாடகையிலேயே ஒரு பகுதியை ஒதுக்க ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.