நீர்நாயும் நீரறமும்

 

சங்கப் புலவர்கள் மருதத்தைப் பாடுங்கால் வயலையும் பொய்கையையும் பாடியதோடு அமையவில்லை. அப்பொய்கையில் வாழ்ந்த நீர்நாயையும் பாடினர். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியாரும் குறுந்தொகையில் ஔவையாரும், நீர்நாய் தன் காலை இரையாக வாளைமீனைப் பெறும் ஊரைக் காட்டுகின்றனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்விலங்கு காட்டாற்றில் மட்டும் ஒதுங்கி வாழவில்லை. உழவர் குடியிருப்பை அடுத்த குளத்திலும் உலவியது என்பது இதனால் விளங்கும்.

பெயரில் நாய் எனினும் இது நாயினம் அன்று. நீண்ட உடலும், விரல்களுக்கிடையே சவ்வும், நீந்துதற்கேற்ற வலிய வாலும் உடையது. இதன் மயிர் இரு படலங்களாய் அமைந்தது. உட்படலம் காற்றைத் தேக்கி வைப்பதால் நீர் தோலைத் தீண்டுவதில்லை. கலங்கிய நீரிலும் மீசைமயிரால் இரையின் அசைவை உணரும்.

இந்தியாவில் நீர்நாய் மூவகைப்படும். அவற்றுள் ஒன்று 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. குடும்பமாய்க் கூடி மீன் பிடிப்பது. காவிரியிலும் மோயாற்றிலும் காணப்படுவது. மற்றொன்று 5 கிலோவுக்கு மேற்படாத சிற்றுருவினது. நீலகிரி, ஆனைமலை ஓடைகளில் நண்டும் நத்தையும் தேடி வாழ்வது. 2022ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பெற்றபோது, அங்குக் காக்கப்படும் உயிர்களுள் நீர்நாயும் ஒன்றாயிற்று.

பொய்கையில் இருந்தது எவ்வாறு அருகியது? மென்மயிர்த் தோலின்பொருட்டுக் கொல்லப்பட்டது. வலையைக் கிழிக்கும் பகையெனக் கருதப்பட்டது. கரையின் புதரும் மணலும் அழிந்தன, நீர் நஞ்சாயிற்று. 2019இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள், மேற்கூறிய இருவகை நீர்நாய்களின் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்யும் பட்டியலில் அவற்றைச் சேர்த்தன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மீனைக் கொன்று தின்னும் விலங்கிற்கு அகிம்சை நெறியினர் ஏன் இரங்க வேண்டும்? விலங்கு தன் இயல்பால் உண்கிறது. விரதம் ஏற்கும் அறிவு மனிதனுக்கே உரியது. இரக்கம், பெறுகின்ற உயிரின் ஒழுக்கத்தை அளந்து தரப்படுவதன்று. தொல்காப்பியம் வகுத்த முறையில் நீர்நாய் ஐயறிவுயிர். சமணமோ இன்னும் நுணுகி, அது நீந்தும் நீரையே ஓரறிவுயிரின் உடலாகக் காண்கிறது. தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் வழக்கம் அவ்வுணர்வின் வெளிப்பாடே.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் பறவையும் யானையும் எருமையும் மலர் கொய்யும் மாந்தரும் ஒரே நீரில் ஒருங்கே உள்ளனர். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. சமவசரணத்தின் புனிதத்தைக் காட்ட அந்த ஓவியர் தேர்ந்தது உயிர் நிறைந்த குளத்தையே.

மண்ணூரைச் சூழ்ந்த நிலமும் ஏரிகளால் வளர்ந்ததே. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. அவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும் இதே வட்டாரத்துச் செம்பரம்பாக்கம் ஏரி சென்னை மக்களின் குடிநீர் என்பதையும் மறத்தலாகாது.

சமண நூலோர் இம்சையை நான்காகப் பகுத்தனர்: வேண்டுமென்றே செய்வது, இல்லப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முதலாவதை அறவே விலக்கக் கடமைப்பட்டவர். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்கக் கடமைப்பட்டவர். தொழிலில் நேரும் தீங்கு தவிர்க்க இயலாதது என்பது, குறைக்க வேண்டாதது என்பதாகாது. கழிவுநீரைத் தூய்மை செய்ய வழியிருந்தும், செலவு கருதி இரவில் ஓடையில் திறந்துவிடுபவன் செய்வது நான்கனுள் எவ்வகை? அறிந்தே செய்வதால் அது முதல் வகையை நெருங்கிவிடுகிறது. ஆலையுடையாரும் ஆலையில் பணிபுரிவாரும் தத்தம் நெஞ்சில் எழுப்ப வேண்டிய வினா இது.

விழாப் பந்தலிலிருந்தே தொடங்கலாம். நெகிழிக் குவளையும் எச்சில் இலையும் ஏரிக்கரையை அடையாதிருக்கட்டும். குடத்தின் வாயில் துணி கட்டும் தாய், அது ஏன் என்பதைக் குழந்தைக்குச் சொல்லட்டும். குடத்து நீருக்குக் காட்டும் அருள் குளத்து நீருக்கும் நீளுமாயின் அறம் முழுமை பெறும்.

எல்லா உயிரும் இனிது வாழ்க!