ஒலிப்பதிவுக் கருவியும் உழைக்கும் மக்களின் பாட்டும்

(ராமநாதபுரத்தில் நடைபெற்ற கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் ஓர் இளம் தோழர் எழுந்து நேரடியாகவே கேட்டுவிட்டார். "பாட்டைப் பதிவு செய்யத்தானே கூடியிருக்கிறோம்? மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டுகிற வேலை நமக்கு எதற்கு? கைப்பேசியை அழுத்தினால் பாட்டு பதிவாகிவிடாதா?"

நியாயமான கேள்வி. கைப்பேசியில் பதிவாகும். தெருமுனைக் கூட்டத்தில் பாடியதை மறுநாள் பத்துப் பேருக்கு அனுப்ப அது போதும். ஆனால் நாலு குரல், ஒரு பறை, ஒரு தவில், பின்னால் கடல் காற்று, எல்லாம் ஒரே குழம்பாக வந்து விழும். பறை குரலை மூடிவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் ஏற்றி, கூட்டியும் குறைத்தும், ஒரு சரணத்தை மட்டும் மாற்றிப் பாடியும் வேலை செய்யவேண்டுமானால் அதற்கென்று ஒரு பட்டறை வேண்டும். அந்தப் பட்டறைதான் ஒலிப்பதிவு மென்பொருள்.

பட்டறை யாருடையது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது குழு ஒரு கூடத்தில் பணம் கொடுத்து நாலு பாடல்கள் பதிவு செய்தது. பாடல்கள் நன்றாகவே வந்தன. ஆறு மாதம் கழித்து வேறொரு போராட்டத்துக்காக ஒரே ஒரு சரணத்தை மாற்ற வேண்டியிருந்தது. தடங்கள் அடங்கிய கோப்பைக் கேட்டோம். மறுபடி முழுக் கட்டணம் என்றார்கள். கெஞ்சி, கோப்பை வாங்கி வந்தோம். திறந்தால் திறக்கவில்லை. அவர்களிடம் இருந்த அதே மென்பொருளின் அதே பதிப்பில்தான் அது திறக்குமாம். பாட்டு நம்முடையது, குரல் நம்முடையது, பறை அடித்த கை நம்முடையது. பூட்டு மட்டும் எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியுடையது! உற்பத்திச் சாதனம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் விளைச்சலும் என்பதை நமக்கு வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வலையும் வள்ளமும் சம்மாட்டியிடம் இருக்கும்போது பங்கு எப்படிப் பிரிகிறது என்று இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

சிலர், "திருட்டுப் பிரதி கிடைக்கிறதே, தோழர்" என்கிறார்கள். கிடைக்கிறது, அதோடு சேர்ந்து வைரசும் கிடைக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திருட்டுப் பிரதியில் பழகியவன் நாளைக்கு வேலைக்குப் போனால் அதே கம்பெனியின் சரக்கைத்தான் கேட்பான். திருடியதாக நினைத்துக்கொண்டு அவர்களுக்குக் கூலியில்லா விற்பனையாளனாகிறோம். 2013-ல் அடோபி கம்பெனி தன் படைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதை நிறுத்தி, வாடகைக்கு மட்டும் விடும் முறைக்கு மாறியது. மாதம் தவறினால் கருவி நின்றுவிடும். பிறகு மற்றவர்களும் அந்தப் பாதையில் நடந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போல இப்போது சுத்தியலையும் குத்தகைக்கு விடுகிறார்கள்.

இதற்கு எதிரான முயற்சி புதிதல்ல. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், எவரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற அடிப்படையில் ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதுதான் குனூ திட்டம். 1989-ல் அதற்கான பொது உரிமம் வந்தது. இந்த உரிமத்தின் கெட்டிக்காரத்தனம் ஒன்றில் இருக்கிறது. திருத்தி வெளியிடுகிறவன் தன் திருத்தத்தையும் அதே உரிமத்தில் மூலநிரலோடு கொடுத்தாக வேண்டும். பொதுச் சொத்தில் வேலி போட முடியாது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் இதனோடு சேர்ந்தது. நம் நாட்டில் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளை தொடங்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது நமக்கெல்லாம் தெரிந்த செய்தி.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். 'விலையில்லா மடிக்கணினி' என்று அதற்குப் பெயர். விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்பதை மட்டும் இந்த இடத்தில் மனதில் வையுங்கள். பரண்மேல் கிடக்கும் அந்த மடிக்கணினிகளில் மூன்றைத்தான் தூசி தட்டி இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

இனி கருவிக்கு வருகிறேன். அதன் பெயர் ஆர்டோர். ஓட்டலில் சொல்லும் ஆர்டர் அல்ல! பால் டேவிஸ் என்பவர் தொடங்கியது. அமேசான் கம்பெனியின் ஆரம்ப நாட்களில் அதன் முதல் நிரலாளர்களில் ஒருவராக இருந்தவர், அதைவிட்டு வெளியே வந்து இந்த வேலையில் இறங்கினார். பல தடங்களில் பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது, கலப்பது எல்லாம் இதில் முடியும். மூலநிரல் எவருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய தளத்திலிருந்து, கட்டி முடித்த தயார்ச் சரக்காக எடுக்க வேண்டுமானால் பணம் கொடுக்கவேண்டும். காசில்லாமல் கிடைக்கும் மாதிரிப் பதிப்பு பத்து நிமிஷம் ஓடி மௌனமாகிவிடும்.

"இதுவும் வியாபாரம்தானே?" என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிரல் எழுதுகிறவனும் உழைப்பாளி. அவன் வயிற்றுக்கு வழி வேண்டும். மூலநிரலை மறைக்காமல், கட்டிக்கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்கிறான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அட்டை வைத்திருப்பவர்கள் கொடுக்கட்டும். நம்மிடம் அட்டை இல்லை, ஆனால் கை இருக்கிறது. நாம் கட்டிக்கொள்வோம். டெபியன் முதலான லினக்ஸ் வினியோகங்களில் இதைக் கட்டித் தயாராகவும் இலவசமாகவும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவசரத்துக்கு அதை நிறுவிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சற்றுப் பழைய பதிப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் குழுவில் இரண்டு பேராவது மூலத்திலிருந்து கட்டத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வலை வாங்கத் தெரிந்தவன் மட்டும் உள்ள ஊரில், வலை கிழிந்த அன்று அடுப்பு எரியாது.

மூலநிரல் என்பது மனிதன் படிக்கக்கூடிய எழுத்து. ஆர்டோர் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. யந்திரத்துக்கு அது புரியாது. அதை யந்திரத்தின் மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. முதலில் கிட் என்ற கருவியால் மூலநிரல் முழுவதையும் அதன் வரலாற்றோடு இறக்கவேண்டும். வழியில் எங்கோ கிடைக்கிற ஜிப் கட்டை எடுத்துக்கொண்டு வந்தால், பதிப்பு எண் தெரியாமல் கட்டும் வேலை தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

அடுத்து வாஃப் என்ற கட்டுமான நிரலை விட்டு, கணினியைச் சோதிக்கச் சொல்லவேண்டும். கடலுக்குப் போகுமுன் டீசல் இருக்கிறதா, ஐஸ் ஏற்றியாகிவிட்டதா, வலையில் மிதப்பும் ஈயமும் சரியா என்று பார்ப்பதில்லையா? அதே வேலை. ஒலிக் கோப்பைப் படிக்க ஒரு நூலகம், சுருதி மாறாமல் வேகத்தை மாற்ற ரப்பர்பேண்ட் என்ற நூலகம், இப்படிப் பல வேண்டும். ஒன்று இல்லையென்றால் இன்னது இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இங்கேதான் நேற்றுப் பலபேர் திகைத்தீர்கள். "நூலகம்தான் இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" ஓட்டுவதற்கு உரிய பாகம் வேறு, கட்டுவதற்கு உரிய பாகம் வேறு. பெயரின் முடிவில் 'டெவ்' என்று வரும் பொதியையும் சேர்த்து நிறுவவேண்டும். டெபியனில் ஆர்டோருக்கு வேண்டிய கட்டுமானப் பொதிகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் வரவழைக்கவும் வழியுண்டு. புதிய பதிப்புக்கு அதிலும் ஒன்றிரண்டு குறையலாம். பிழைச் செய்தியைக் கண்டு பயப்படாதீர்கள். கடைசி வரியை விட்டுவிட்டு, முதலில் வந்த பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன், புரிந்தது.

இன்னொன்று. ஒன்றும் சொல்லாவிட்டால் அது நிரலாளர்கள் பிழை தேடுவதற்கு ஏற்ற விதத்தில் கட்டும். ஓட்டம் மந்தமாக இருக்கும். சோதனைக் கட்டளையிலேயே 'ஆப்டிமைஸ்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். பிறகு கட்டும் வேலை. நம் மடிக்கணினியில் நினைவகம் குறைவு. நாலு வேலையை ஒரே சமயத்தில் செய்யச் சொன்னால் நினைவகம் நிரம்பி, நடுவில் செத்துப்போகும். ஒன்றொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் ஓடும். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். மின்சாரம் போனால் அழவேண்டாம், மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால், முடித்தது போக மிச்சத்திலிருந்து தொடங்கும். கட்டி முடிந்ததும், கணினியில் நிறுவாமலேயே அந்த இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

தாமதம் என்ற ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாடகனுக்கு இதுதான் உயிர். கணினி ஒலியைச் சிறுசிறு கூடைகளில் அள்ளுகிறது. வினாடிக்கு 48,000 துளிகள் என்று வைத்து, ஒரு கூடைக்கு 256 துளி என்றால், கூடை நிரம்ப ஏறத்தாழ 5 மில்லிவினாடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே போகும். பக்கத்தில் நிற்பவன் பாடுவது போலக் கேட்கும். கூடைக்கு 1,024 துளி என்றால் 21 மில்லிவினாடி, அதாவது ஏழு மீட்டர். போகவும் வரவும் கூடை உண்டு, ஆகவே இன்னும் கூடும். கரைவலைக் கயிற்றில் முன்னால் நிற்பவன் பாட, கடைசி ஆள் ஒரு கணம் பிந்தித்தான் கை போடுவான் அல்லவா? காதொலிக் கருவியில் அப்படிக் கேட்டால் பறைக்காரர் தாளத்தைத் தொலைத்துவிடுவார். பழைய யந்திரத்தில் கூடையைச் சிறிதாக்கினால் ஒலி வெட்டும். அதற்குத்தான், ஒலி வேலைக்கு முன்னுரிமை கொடுக்கும்படி பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்த்து அனுமதி கொடுக்கிறோம். வீண் ஜன்னல்களை மூடுகிறோம், வைபையை அணைக்கிறோம். இரைச்சலிடும் விசிறியை எட்டத்தில் வைக்கிறோம்.

எதற்காக இத்தனை பாடு? அம்பாப் பாட்டுக்காக, தோழர்களே. வலை இழுக்கவும் தண்டு வலிக்கவும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது. அது பொழுதுபோக்கு அல்ல, பத்துப் பேர் கையை ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுக்கச் செய்யும் வேலைக் கருவி. விசைப்படகும் வெளிப்பொருத்து மோட்டாரும் வந்த பிறகு கை கூடி இழுக்கும் வேலை குறைந்தது. மோட்டாருக்குப் பாட்டுத் தேவையில்லை. நாம் யந்திரத்தை எதிர்க்கிறவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பாட்டுகளைத் தெரிந்தவர்கள் இன்று வயதானவர்கள். பாசி எடுக்கும் பெண்களின் பாட்டும் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஊர் போனால் ஊரின் பாட்டும் சிதறிவிடும்.

பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' என்ற சமூக வானொலி 90.4-ல் ஒலிக்கிறது. கரையோர மக்கள் தங்கள் குரலைத் தாங்களே ஒலிபரப்ப முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சாட்சி. அரசியல் கட்சிகளுக்குச் சமூக வானொலி உரிமம் கிடையாது என்பது சட்டம். நாம் கேட்கவும் இல்லை. நாம் தடம் தடமாகப் பதிந்து, எவரும் திறக்கக்கூடிய வேவ் அல்லது பிளாக் வடிவத்தில் வைத்தால், எந்தச் சமூக வானொலியும் பள்ளியும் ஆராய்ச்சியாளரும் நாளைக்கு அதை எடுத்துப் பயன்படுத்த முடியும்.

இதனால் சோஷலிசம் வந்துவிட்டது என்று யாரும் கனவு காண வேண்டாம். லினக்சை அதிகம் பயன்படுத்துகிறவர்களில் கூகுளும் அமேசானும் உண்டு. 2018-ல் மைக்ரோசாப்ட் கிட்ஹப்பை வாங்கியது. 2019-ல் ஐபிஎம், ரெட்ஹாட் கம்பெனியை 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பொதுவில் விளைந்ததை மூலதனம் அறுவடை செய்கிறது. ஆனாலும் உரிமத்தின் பலத்தைப் பாருங்கள். 2021-ல் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளை மியூஸ் குரூப் என்ற கம்பெனி தன் வசமாக்கியது. பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கும் ஏற்பாட்டை முன்வைத்ததும் பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். மூலநிரல் பொது உரிமத்தில் இருந்ததால் அதே நிரலை எடுத்து டெனாசிட்டி முதலான கிளைகளைத் தொடங்கினார்கள். கம்பெனியும் அந்த ஏற்பாட்டில் பின்வாங்கியது. நம் கூடத்துக் கோப்பு பூட்டிக்கொண்டபோது நமக்கு அந்த வழி இருந்ததா?

கடைசியாக வேலைப் பங்கீடு. மூன்று கணினிகளில் இரண்டில் சோதனைக் கட்டம் முடிந்துவிட்டது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் கட்டும் வேலையைத் தொடங்குங்கள். விசிறி மூச்சு முட்டாதபடி அடியில் இரண்டு மரக்கட்டை வையுங்கள். மூன்றாவதில் டெபியனின் தயார்ப் பதிப்பை நிறுவுங்கள், நாளைப் பதிவு எக்காரணத்தாலும் நிற்கக்கூடாது. காலையில் கரைக்குப் போகிறவர்கள் பாடுகிற பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். எதற்காகப் பதிகிறோம், எங்கே போகும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கருவியை மூடிவிட்டு, உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். சம்மதித்தால் கோப்பின் தலைப்பிலேயே பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பதிந்த பிரதி ஒன்றை அவர்கள் வீட்டுக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த பிறகே புறப்படவேண்டும்.