“பாப்பாவோட கேம் எப்பங்க வருது?”

(பொங்கல் விழாவையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ‘கால் மணி நேரம் பேசுங்கள்’ நிகழ்ச்சியில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். “பேர் எதுக்குங்க, எல்லாருக்கும்தான் தெரியுமே” என்று அவர் சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். முப்பது வருடத்துக்கு மேல் கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்தவன் நான். நம் சம்ப்பில் மோட்டார் நின்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். ஆனால் இன்றைக்கு வேறு விஷயம். லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். “ஏனுங்ணா, பாப்பா செய்யற கேம் எப்ப வருதுங்க?” தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். என் மகள் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தாள். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்தாள். பொழுது போகாமல் என் மாமியாருடைய பழைய கோல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அதை வைத்து ஒரு புதிர் விளையாட்டு செய்யப்போகிறேன் என்றாள். அடுத்த வருடம் வேலையை விட்டாள். கூடப் படித்த தோழி ஒருத்தி படம் வரைகிறாள், மற்றதெல்லாம் இவள்தான். பின்னால் கம்பெனி கிடையாது, சம்பளம் கிடையாது. இது ஆறாவது வருடம்.

அதில் என்ன புதிர் இருக்கிறது என்று கேட்பீர்கள். மார்கழி இப்போதுதான் முடிந்தது. சிக்குக் கோலம் போடுகிற அம்மணிகளுக்கு உடனே புரியும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு கோட்டை வெட்டிப் போகிற மாதிரி சிக்கு இழுங்கள். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிந்துவிடும். இப்போது வரிசைக்கு மூன்று புள்ளியாக, மூன்றுக்கு மூன்று வையுங்கள். என்ன செய்தாலும் ஒரே கோட்டில் வராது. மூன்று தனித்தனிக் கோடாகத்தான் வரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான் இது. இரண்டு எண்ணுக்கும் அது எத்தனையோ, அத்தனை கோடு.

இனிமேல்தான் விளையாட்டு. இரண்டு தனிக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்ட விடாமல் அவற்றைத் திருப்பிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். மூன்றுக்கு மூன்றில் அப்படிக் குறைந்தது இரண்டு இடத்தில் திருப்ப வேண்டும். எந்த இரண்டு? அதுதான் புதிர். சொன்னால் சின்ன விஷயம். நான் முதல் நாள் அதில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் என் மகள் கண்டுபிடித்த கணக்கு இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே, கோலத்தைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார். நம் வீட்டு வாசலில் இருப்பதை உலகம் எப்போதோ எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டது. நாம்தான் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டுப் போய்விட்டோம். என் வீட்டு வாசலிலும் அதுதான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

சரி, இதற்கு ஏன் ஆறு வருடம்? எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஒரு பம்ப் கேசிங் வார்க்க, அச்சில் இரும்பை ஊற்றுவது கொஞ்ச நேர வேலை. அதற்கு முன்னால் மரத்தில் பேட்டர்ன் செய்ய வாரக்கணக்கில் ஆகும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அந்த அளவு கூட்டித்தான் பேட்டர்னைச் செய்ய வேண்டும். அதற்கென்றே சுருக்கத்தைச் சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் எங்களிடம் உண்டு. புதிர் செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு ஸ்கேல் கிடையாது. செய்தவருக்கு விடை தெரியும். அதனால் தான் செய்த புதிர் சுலபமா, கஷ்டமா என்று அவருக்கே தெரியாது. வேறொருவரை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். மாற்றியதை இன்னொருவரிடம் காட்ட வேண்டும். ஒரு தடவை ஆடியவர் அடுத்த சோதனைக்குப் பயன்பட மாட்டார். அவருக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே.

நாங்கள் மட்டும் இப்படி இல்லை என்று தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் ஜோனதன் ப்ளோ என்று ஒருவர். ‘பிரெய்ட்’ என்ற புதிர் விளையாட்டை, கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர் கைக்காசைப் போட்டுச் செய்து 2008-இல் வெளியிட்டார். நன்றாக விற்றது. அந்தப் பணத்தை அடுத்த விளையாட்டில் போட்டார். அது தீர்ந்து கடனும் வாங்கினார். ‘தி விட்னஸ்’ என்ற அந்த விளையாட்டு 2016 ஜனவரியில்தான் வந்தது. ஏழு வருட வேலை, 500-க்கு மேல் புதிர். அதிலும் கட்டத்துக்குள் கோடு இழுப்பதுதான் ஆட்டம். எப்படி இழுப்பது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தர மாட்டார்கள். சென்ற ஆண்டு, 2025 ஏப்ரலில் வந்த ‘புளூ பிரின்ஸ்’ எட்டு வருடம் எடுத்தது. அந்த ஊரிலும் லிஃப்டில் யாராவது கேட்டிருப்பார்கள்.

இப்போது நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன். கனடாவில், டொராண்டோவில், ‘விசை கேம்ஸ்’ என்று தமிழ்ப் பெயர் வைத்த ஒரு சின்ன நிறுவனம். அவர்கள் ‘வெண்பா’ என்று ஒரு சமையல் புதிர் விளையாட்டு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் கதையில், 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் வருகிறார்கள். வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அது அங்கங்கே கிழிந்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போனதை ஆடுகிறவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இவளோ அம்முச்சியின் கோல நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “போச்சுப்பா, நம்முளுது முடிஞ்சுது” என்றாள்.

முதலில் 2023 வசந்த காலத்தில் வரும் என்றார்கள். தள்ளிப்போய் ஜூலை 31-ஆம் தேதி வந்தது. அன்றைக்கு ராத்திரியே வாங்கி, டிவியில் போட்டு, நான், என் வீட்டம்மா, மகள் மூன்று பேரும் ஆடினோம். முதல் சமையல் இட்லி. நோட்டில் முக்கியமான இடம் அழிந்திருக்கிறது. நானும் மகளும் குழம்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, “தட்ட எப்புடி அடுக்கறதுன்னுகூடத் தெரியாதா உங்க ரண்டு பேருத்துக்கும்?” என்றார். அன்றைக்கு அந்த விளையாட்டுக்கு நிபுணர் அவர்தான். இட்லி, புட்டு, பிரியாணி என்று போகும். சமைக்கும்போது பாட்டு ஓடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவர்கள் மகன் கவின் பெரியவனாகி, அம்மாவின் தமிழ்க் குறிப்பைப் படிக்கத் திணறும் இடம் வந்தபோது எங்கள் மூன்று பேரிடமும் பேச்சே இல்லை. நம் குடியிருப்பில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆடிப் பாருங்கள்.

2024 மார்ச்சில், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் ‘வெண்பா’ தலைசிறந்த விளையாட்டுக்கான பெரிய பரிசை வாங்கியது. அடுத்த மாதமே லண்டனில், முதல் படைப்புக்கான பாஃப்டா விருது. இட்லித் தட்டை வைத்துச் செய்த விளையாட்டுக்கு இவ்வளவும் கிடைத்தது. என் மகளுக்குப் பயம் போய்விட்டது. “நம்ம வீட்டு விசயத்தச் சொன்னா வெளியூர்க்காரனுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்ப்பா, புரியுது” என்றாள். அடுத்த பொங்கலுக்கு வெளியிட்டுவிடலாம் என்றும் சொன்னாள். நானும் சும்மா இருக்காமல் உங்களில் பாதிப் பேரிடம் அந்தத் தேதியைச் சொல்லிவிட்டேன்.

அது வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு மாமியார் வந்திருந்தார். வயது 84. டிவியில் பெரிதாகப் போட்டு அவரை ஆடச் சொன்னாள். அவர் கடகடவென்று பத்து, பன்னிரண்டு புதிரை முடித்தார். பிறகு ரிமோட்டை வைத்துவிட்டு, “கணக்கெல்லாஞ் செரிதான் சாமி. ஆனா இது கோலமில்ல. ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது பாரு. வாசல்ல போட்டா நாலு பக்கமும் ஒண்ணாட்டத் தெரியோணும்” என்றார். ஒரே கோடாக்கினால் போதும் என்றுதான் இவள் எல்லாப் புதிரையும் செய்திருந்தாள். சுற்றி எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால், செய்து வைத்ததில் பாதிக்கு மேல் உதவாது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுத்தால் பையன் வீட்டார், “பொண்ணு என்ன பண்றாங்க?” என்று கேட்கிறார்கள். அந்த எரிச்சலில், “அந்தப் பொம்மையத் தூக்கிப் போட்டுட்டு ஒரு வேலைக்குப் போற வழியப் பாரு” என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே வீட்டிலிருந்து பார்க்கிற பகுதி நேர வேலை ஒன்றில் சேர்ந்தாள். பகலில் அது, ராத்திரியில் இது. வேலை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது என்னால்தான். உங்களில் யாராலும் இல்லை.

நான் செய்த பேட்டர்னில் இரண்டு மில்லிமீட்டர் தப்பு என்று தெரிந்தும், ‘போகட்டும், வார்த்துவிடு’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மேஸ்திரி எத்தனை சத்தம் போட்டாலும் உடைத்துவிட்டு மறுபடி செய்திருக்கிறேன். அதே வேலையை என் பிள்ளை செய்தபோது எனக்குத் தெரியவில்லை. இதை அவளிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே மைக் பிடித்துச் சொல்கிறேன். அவள் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எப்போது வரும் என்று கேட்டீர்கள். முடியும்போது வரும். தேதியை இனிமேல் நான் சொல்ல மாட்டேன். வரும்போது நோட்டீஸ் போர்டில் செயலாளரே ஒட்டுவார். அதுவரை உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, ஆடிப் பார்க்க ஆள் வேண்டும். வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணிக்கு இந்தக் கூடத்தில் இரண்டு லேப்டாப் இருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அறுபது தாண்டியவர்கள், கேமே தொடாதவர்கள், கோலம் தெரிந்த அம்மணிகள் கட்டாயம் வர வேண்டும். நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களையும் அழைத்து வாருங்கள். நன்றாக இருக்கிறது என்று பாராட்ட வேண்டாம், திணறினால் போதும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். விடை கேட்டால் சொல்ல மாட்டாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடமே சொன்னதில்லை.

இரண்டாவது, ‘ஸ்டீம்’ என்று இணையத்தில் ஒரு கடை இருக்கிறது. அங்கே இவளுடைய விளையாட்டுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கிறாள். அதை வைக்கவே 100 டாலர் கட்ட வேண்டும். விற்றால் வழக்கமாக நூற்றுக்கு 30 கடைக்குப் போகும். வெளிவருவதற்கு முன்பே எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பது இவளைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம். அதற்குக் காசு வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் செய்துவிடுவார்கள்.

மூன்றாவது, போன மாதக் கூட்டத்தில் பிள்ளைகள் செல்போனில் விளையாடுவதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கவலை நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். பிள்ளை ஒரு புதிரில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தால், போனைப் பிடுங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று பாருங்கள். விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காபி எங்கள் வீட்டில் இருந்து வரும். வாங்க.