உடம்புக்கு வலு: நான் படித்த பாடம்

(எம். புதுப்பட்டி மகளிர் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னாங்க. என் வீட்டில் நடந்ததையே சொல்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு இடுப்பு வலி. குனிஞ்சு கோலம் போட முடியலை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற அம்மா, "எலும்பில் ஒண்ணும் இல்லை. இடுப்பிலும் தொடையிலும் வலு இல்லை. எடை தூக்கிப் பயிற்சி செய்யணும்"னு சொல்லி, செய்முறையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாங்க.

நான் சீட்டை டப்பாவில் போட்டுட்டு போனில் தேடினேன். பெஞ்சு, மூணு அடிக் கம்பி, அஞ்சு அடிக் கம்பி, எடைத் தட்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டு. பையனும் "வாங்கும்மா, நானும் செய்றேன்"னான். குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு"ன்னு எழுதச் சொன்னேன்.

செட்டு வந்தது. எங்க உள்ரூம் பத்துக்குப் பத்து. அஞ்சு அடிக் கம்பியைத் தூக்கினால் ஒரு முனை பீரோவில் இடிக்கும், மறுமுனை சுவரில் இடிக்கும். தட்டுகள் மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமெண்ட் கலவை. மளிகைக் கடைத் தராசில் வைத்தால், 5 கிலோன்னு போட்டது நாலரை கிலோகூட இல்லை. ஒரு நாள் கம்பி முனைத் திருகு இறுகாமல் தட்டு கழன்று, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரைக்கல் உடைஞ்சது. அன்னையோட சரி. அப்புறம் அந்தப் பெஞ்சில் துணிதான் காய்ந்தது.

பணம் போனதுகூட பெரிசில்லை. அதே மாசம் எங்க குழுவில் ஒரு அக்கா மகள் காலேஜ் ஃபீஸுக்குக் கடன் கேட்டாங்க. கையிருப்பு இல்லை. அவங்க வெளியே வட்டிக்கு வாங்கினாங்க. அந்தப் பணம் என் வீட்டில் துணி காயப்போடும் பெஞ்சாக நின்னுது. பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்குத் தெரியும். அக்கா, என்னை மன்னிச்சிருங்க.

நாலு மாசம் மறைச்சேன். பிறகு கூட்டத்திலே உண்மையைச் சொன்னேன். திட்டினாங்க. திட்டி முடிச்சு ஊக்குநர் அக்கா கேட்டாங்க: "அந்தச் சீட்டில் என்னதான் எழுதியிருந்தது?" அப்போதான் சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் இருந்த எதுக்கும் காசே தேவையில்லை.

ஒண்ணு, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திரிக்கிறது. இரண்டு, சுவரில் கை ஊன்றித் தள்ளுறது. மூணு, முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தரையில் இருக்கிற எடையைத் தூக்குறது. நாலு, ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் எடையை விலாப் பக்கம் இழுக்கிறது. அஞ்சு, இரண்டு கையிலும் சம எடை பிடிச்சு நடக்கிறது. ஒவ்வொண்ணும் பத்துத் தடவை, இரண்டு சுற்று.

எடைக்கு எண்ணெய் கேன் போதும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 5 லிட்டர் கேனில் பாதி நிரப்பினால் இரண்டரை கிலோ. பன்னிரண்டு தடவை சுலபமா வந்தால் இன்னும் அரை லிட்டர் ஊத்துங்க. மூச்சை மட்டும் அடக்காதீங்க, தூக்கும்போது விடுங்க.

"நாங்க தூக்காத எடையா? குடம் தூக்கலையா, விறகு தூக்கலையா?"ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். குடம் எப்பவும் ஒரே இடுப்பில்தான் இருக்கு. பட்டாசு ஆபீஸில் நாள் பூரா குனிஞ்ச உட்காரல். வேலை உடம்பைத் தேய்க்குது. பயிற்சி இரண்டு பக்கமும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இடையில் ஓய்வும் கொடுத்து வலு சேர்க்குது. முப்பதுக்கு மேலே சதை மெல்லக் குறையுது. மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பு வேகமா வலு இழக்குது. வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

பொம்பளைக்கு எதுக்குன்னு கேட்பவங்களுக்கு ஒரு பதில். மணிப்பூர் கிராமத்தில் விறகுக் கட்டு சுமந்த பிள்ளைதான் மீராபாய் சானு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினாங்க. நமக்குப் பதக்கம் வேண்டாம். அறுபது வயசிலும் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தால் போதும்.

வாங்கித்தான் ஆகணும்னா என் அனுபவத்தைக் கேளுங்க. முதல் மூணு மாசம் கேனோடு செய்யுங்க. விடாமல் செய்தால் மட்டும் வாங்குங்க. செட்டாக வாங்காதீங்க. ஒரே வார்ப்பாக இருக்கிற இரும்பு டம்பெல்ஸ் ஒரு ஜோடி போதும், அதில் கழன்று விழ ஒண்ணும் இல்லை. கடையில் தராசில் வைத்துப் பாருங்க. ரப்பர் பட்டை வாங்கினால் வெயிலில் போடாதீங்க. வெடிப்பு விட்டால் தூக்கிப் போடுங்க, இழுக்கும்போது அறுந்தால் கண்ணில் அடிக்கும். பிரஷர், இதய நோய், கர்ப்பப்பை இறக்கம், புதுசா ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது.

இப்போ செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் குழுக் கட்டடத்தில் ஏழு பேர் செய்றோம். என் செட்டில் பெஞ்சைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. சின்னத் தட்டுகள் அங்கே இருக்கு, கம்பியில் மாட்டாமல் கையில் பிடிச்சுத்தான் செய்றோம். என் இடுப்பு வலி முழுசாப் போகலை. ஆனால் மார்கழி பூரா குனிஞ்சு கோலம் போட்டேன். கடனும் போன மாசம் முடிஞ்சது.

உடம்புக்கு வலு வேணும். அதைக் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். குழு நோட்டில் பொய் எழுதியும் சேர்க்க வேண்டாம்.