மீனாட்சியம்மாளின் பாட்டு

அமெரிக்காவின் ஹாரியட் டப்மன் 1849இல் அடிமைத்தளையிலிருந்து தப்பினார். பிறகு சுமார் 13 தடவை திரும்பிப் போய், ஏறத்தாழ 70 பேரை இருட்டோடு இருட்டாகக் கூட்டி வந்தார். அப்படி ஒருவர் நம் இலங்கை மலையகத்தில் இருந்தாரா என்றால், நான் மீனாட்சியம்மாளைச் சொல்வேன். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அந்த அறிமுகம் அவருக்குப் போதாது.

இலங்கையில் அடிமைமுறை 1844இலேயே ஒழிந்துவிட்டதே, தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். வந்தது உண்மை. கீரிக் கடற்கரையில் நின்று பாருங்கள். இந்த மன்னார்க் கரையோரம் இறங்கித்தான் அவர்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. ஆனால் ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம் கிளம்பும்போதே கடனாகிவிடும். அந்தக் கடனை எழுதிய தாள்தான் ‘துண்டு’. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தத் தோட்டத்தை நடத்தும் புதுத் துரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். கட்டினாலும் கடன் தீராது, கைமாறும். ஆளுக்கு விலை எழுதிய சீட்டை வேறு என்னவென்று சொல்வது? 1921இல் துண்டு சட்டப்படி ஒழிந்தது. துரைமேலும் கங்காணிமேலும் இருந்த பயம் ஒழியவில்லை.

அந்தப் பயத்தைத்தான் மீனாட்சியம்மாள் பாட்டால் எதிர்கொண்டார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில்தான் உள்ளே போனார். பாட்டுக்கு வேடம் தேவையில்லை. கூட்டங்களில் பழகிய மெட்டில் அவர் பாடியதை, வாசிக்கத் தெரியாத பெண்ணும் மனதில் ஏந்தி மலைக்குக் கொண்டுபோகலாம், கொழுந்து பறிக்கையில் முணுமுணுக்கலாம். எந்தத் துரை அதை எந்தச் சட்டத்தால் தடுப்பார்?

அவர் யாரையும் கைபிடித்துத் தப்பவைக்கவில்லையே என்பார்கள். டப்மன் கூட்டிப்போனவர்களுக்குக் கனடா இருந்தது. தோட்டத்தை விட்டு ஓடியவருக்கு அடுத்த தோட்டம்தான், அங்கேயும் அதே லயத்து வரிசைக் குடியிருப்பு. ஓட இடமில்லாதவருக்கு விடுதலை நின்ற இடத்திலேயே கிடைக்க வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும், சங்கத்துக்கு வாய் திறக்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பாடிக் கொடுத்தவர் இவர். 1939இல் தினக்கூலி இந்தியர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியபோதும் அவர் அடங்கவில்லை. மறுவருடமே ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று பாட்டுப் புத்தகம் போட்டார். மலையகத்தில் இதைக் கேட்கும் நேயர்களே, உங்கள் வீட்டுப் பாட்டியின் வாயில் அந்தப் பாட்டுகளில் ஒன்று இன்னும் இருக்கலாம். கேட்டுப் பதிந்து வையுங்கள்.