பகைவரிடைப் பேச்சு
(புதுச்சத்திரம் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பகைகொண்ட இருவர் ஓரிடத்தமர்ந்து பேசுவதைச் செய்தித்தாள்கள் 'பேச்சுவார்த்தை' என்றெழுதுகின்றன. அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆராய்வதே இன்றைய என் உரை.

இச்சொல் ஈருறுப்புடையது. 'பேச்சு', 'பேசு' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். 'வார்த்தை'யோ வடமொழி 'வார்த்தா' என்பதன் திரிபு. ஆங்கு அதற்குச் செய்தி என்பது பொருள். தமிழில் புகுந்தபின் சொல், பேச்சு என அப்பொருள் விரிந்தது. ஒருபொருளை இருசொல்லாற் கூறுவதை ஒருபொருட்பன்மொழி என்று நன்னூலார் ஏற்பர்; 'மீமிசை' அத்தகையது. ஆயின் அதில் இரண்டும் தமிழ். ஈண்டு ஒன்று இரவல். 'அமைதிப் பேச்சு' என்றால் விளங்காதார் யார்?

இனிப் பொருளைக் காண்போம். நம் ஊர்ப்புறத்தில், 'அந்த வீட்டாருக்கும் எங்களுக்கும் பேச்சில்லை' என்பர். பகை என்ற சொல்லே அதில் இல்லை, பேச்சின்மையே பகையாகிறது. பகை தீர்ந்ததை, 'இப்போது பேசிக்கொள்கிறார்கள்' என்பர். பிரெஞ்சு மொழியிலும் 'பார்லே' என்றால் பேசுதல். போர்க்களத்தில் பகைவர் கூடிப் பேசுவதைக் குறிக்கும் 'பார்லி' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வழிப் பிறந்ததே.

நமக்கு வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நின் கருவிகள் நெய்பூசி மின்னுகின்றன. அவன் கருவிகளோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்னும் கருத்துப்பட அவர் பாடினார். புகழ்வதுபோல் எச்சரித்த அப்பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக உள்ளது. உறையூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தபோது, எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று இருவர்க்கும் உரைத்தார் கோவூர்கிழார்.

பேச்சு என்பது இருவர்க்கும் உரியது. இருவரும் சொல்லி, இருவரும் கேட்பது. 1985இல் பூட்டானின் திம்பு நகரில் ஈழத்தமிழர் இயக்கங்கள், தனி இனம், தாயகம், தன்னாட்சியுரிமை, குடியுரிமை என்னும் நான்கு கோட்பாடுகளை ஒருமுகமாக முன்வைத்தன. முதல் மூன்றையும் இலங்கை அரசு மறுத்தது, பேச்சு முறிந்தது. 2002இல் நார்வே இடைநின்று தொடங்கிய பேச்சும் மறு ஆண்டே தடைப்பட்டது. பின் மூண்ட போர் 2009 மே திங்களில் எத்துணைத் தமிழுயிர்களைக் குடித்து ஓய்ந்தது என்பதை நாம் அறிவோம்.

வலியார் முடிவை அறிவிக்க, மெலியார் கேட்டுத் திரும்புவது பேச்சன்று. அது வெறும் செய்தி, வடமொழிப் பொருளில் 'வார்த்தை'. ஆதலின், பெருமக்களே, அவ்வொட்டுச் சொல்லைக் களைவோம். பேச்சு என்றே சொல்வோம், எழுதுவோம். பேச்சு என்றொன்று எங்கேனும் நிகழுங்கால், அங்கே இருவரும் பேசினரா, இருவரும் கேட்டனரா என்று வினவுவோம்.