வாசகரின் நேரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் நூலகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டும் எனக்கு ஒரே விஷயமாகிப் போனது எப்படி என்று சொன்னால் செயலாளர் என்னை மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்தது இது. ஆலையின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. அன்று எனக்கு நைட் ஷிஃப்ட். ஒரு கன்வேயரில் புல்-கார்டு ஸ்விட்ச் பழுதாகியிருந்தது. ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் யாரும் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்துவதற்காக வைத்திருப்பது அது. முந்தைய ஷிஃப்டில் அதை பைபாஸ் செய்துவிட்டு, "மாற்றும்வரை ஓட்ட வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தநாள் வாழ்த்து, கிரிக்கெட் ஸ்கோர், சிரிப்பு வீடியோ என்று நூற்றைம்பது செய்திகளாவது வந்து குவிந்துவிட்டன. ரயிலில் வரும்போதே எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வரி மட்டும் கண்ணில் படவில்லை.

கன்வேயரை ஓட்டச் சொன்னேன். சிறிது நேரத்தில், கீழே சிந்தியதை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பையனின் சட்டை ரோலரில் சிக்கியது. பக்கத்தில் இருந்தவர் கயிற்றை இழுத்தார், பெல்ட் நிற்கவில்லை. இன்னொருவர் பேனலுக்கு ஓடிப் போய் நிறுத்தினார். சட்டை கிழிந்ததோடு போயிற்று. "ஒண்ணும் ஆகல சார்" என்று அந்தப் பையன்தான் எனக்குத் தைரியம் சொன்னான். எனக்கு விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்குப் போய், ஓய்வு பெற்ற நம் நூலகரைப் பார்த்தேன். பழைய மாணவர்களுக்கு அவரை நினைவிருக்கும். "ஹைட்ராலிக்ஸ் புத்தகம் வேணும் சார்" என்றால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். "எந்தப் பகுதிப்பா? எதுக்கு?" என்று கேட்பார். பிறகு ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, உரிய பக்கத்தில் துண்டுச் சீட்டு வைத்துக் கொடுப்பார். அன்றைக்கு அதைக் கெடுபிடி என்று நினைத்தோம்.

நடந்ததைச் சொல்லிவிட்டு, "இப்பல்லாம் நான் எதையுமே படிக்கிறதில்ல சார், அதான் இப்படி" என்றேன். அவர் மறுத்துவிட்டார். "நீ படிக்காம இல்லப்பா. அன்னிக்கு நூத்தம்பது படிச்சிருக்க. உனக்கு வேண்டிய ஒண்ணை மட்டும்தான் படிக்கல" என்றார்.

பிறகு எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். நமக்கெல்லாம் பொது அறிவுக் கேள்வியில் வரும் பெயராக மட்டுமே தெரிந்தவர். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சில நாட்களிலேயே வேலை பிடிக்காமல், திரும்பவும் பாடம் நடத்தப் போகிறேன் என்று கேட்டாராம். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்த பிறகு அவர் இந்தத் துறையை விடவில்லை. திரும்பி வந்து, வாசகர்கள் தாங்களே அலமாரி வரை சென்று புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார்.

அந்த ஐந்தில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. "நான் உங்களைக் கேள்வி கேட்டதெல்லாம் இதுக்குத்தாம்பா. புத்தகம் எடுத்துக் கொடுக்கிறது பாதி வேலை. வேண்டாததை உன் வழியிலேர்ந்து ஒதுக்கி வைக்கிறது மீதி வேலை" என்றார் நம் நூலகர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் கையில் இருக்கும் போனிலும் நமக்காகப் பொறுக்கி எடுத்துத் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நான்காவது விதியைத் தலைகீழாக வைத்திருக்கிறது. நாம் எவ்வளவு அதிக நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு வருமானம். தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்க அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் அஸா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, மூடிவிட்டு எழுந்திருக்கலாம். இதற்கு அது கிடையாது.

போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பி.எல்.சி. புரோகிராமிங்கில் பாதியை நானே யூடியூபில்தான் கற்றேன். ஆனால் அன்று நான் ஒரு கேள்வியோடு உள்ளே போனேன். விடை கிடைத்ததும் வெளியே வந்தேன். கேள்வியே இல்லாமல் போகும்போதுதான் ஒரு மணி நேரம் போவது தெரிவதில்லை. மூர் மார்க்கெட்டில் ஏறி கும்மிடிப்பூண்டி வரும் ரயிலில் இதைத் தினமும் பார்க்கலாம். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை எல்லாம் போய்விடும், தலை நிமிராது. என் தலையும் அதில் ஒன்று.

ஆலையில் இரண்டு மாற்றம் செய்தோம். பாதுகாப்புச் செய்திகளுக்குத் தனிக் குழு. அதில் ஷிஃப்ட் பொறுப்பாளர் மட்டுமே எழுதலாம், வாழ்த்துக்கு இடமில்லை. இரண்டாவது, பழைய நோட்டுப் புத்தகம். ஒரு ஷிஃப்ட் எழுதியதை அடுத்த ஷிஃப்ட் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நூலகர் செய்ததைத்தான் செய்தோம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு நம் நூலகத்துக்குப் போங்கள். கவுண்டரில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். போனை மட்டும் பையில் வையுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் நடமாடும் நூலகம் தொடங்கியது. அதைத் தொடங்கிய கனகசபைப் பிள்ளை ஒரு பொறியாளர். 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. காசு கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நம் கல்லூரி நூலகம் மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் திறந்திருந்தால், ரயிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதற்கு வேண்டிய ஓர் ஆளின் சம்பளத்தைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதத் தொகையை நான் தருகிறேன். அந்தப் பையனின் கிழிந்த சட்டை என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.